பாரசீக இளவரசனும் ஜஃபர் என்ற பெயரும்

கணினி விளையாட்டு என்றதும் நம் பெற்றோரில் பலர் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "நேரம் வீண்" என்பார்கள். அல்லது, "பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்குதே, அது போதும்" என்பார்கள். அந்த விளையாட்டு என்ன கதை சொல்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தால் கேட்கும் அதே கேள்வியை விளையாட்டிடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சிறு வயதில் வீட்டுப் பழைய கணினியில் விளையாடி, அண்மையில் மீண்டும் விளையாடிப் பார்த்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா' என்ற விளையாட்டைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

1989இல் அப்பிள் 2 கணினிக்காக இதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தம்பியை ஓடவும் பாயவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே இளவரசனை வரைந்தார். இசையமைத்தவர் அவருடைய தந்தை. கதை எளியது. சுல்தான் நாட்டில் இல்லாத வேளையில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜஃபர் என்ற அமைச்சர், தன்னைத் திருமணம் செய்ய வேண்டும், இல்லையேல் சாக வேண்டும் என்று இளவரசிக்கு ஒரு மணித்தியாலம் தவணை கொடுக்கிறான். நாயகன் நிலவறையிலிருந்து தப்பி 60 நிமிடங்களுக்குள் அவளை மீட்க வேண்டும். இடையில் இறந்தால் அந்தக் கட்டத்தை மறுபடியும் ஆடலாம். ஆனால் கழிந்த நேரம் திரும்பக் கிடைக்காது. பரீட்சைக்குத் தயாராகும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதில் நான் மிகவும் மதிப்பது நிழல் மனிதனை. அப்பிள் 2இன் நினைவகத்தில் புதிய எதிரிக்கு இடம் போதவில்லை. ஆகவே மெக்னர் இளவரசனின் உருவத்தையே சிறிது மாற்றி எதிரியாக்கினார். ஒரு கண்ணாடியை ஊடறுத்துப் பாயும்போது இளவரசனிலிருந்து அந்த நிழல் பிரிகிறது. அவனுக்குரிய மருந்தைக் குடித்துவிடுகிறது. கடைசியில் வாளோடு எதிரே நிற்கிறது. அதை வெட்டினால் வெட்டு இளவரசனின் மேல்தான் விழும். வாளை உறையிலிட்டு அதை நோக்கி நடந்தால், இருவரும் ஒருவராகி வழி திறக்கும். தன்னைத் தானே நிறுத்திக் கணக்குக் கேட்கும் முஹாஸபாவைப் பற்றி அஹதியா வகுப்பில் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நேரம் வீண் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் வளர்ந்த பின் பார்க்கையில் வேறொன்றும் தெரிகிறது. இந்தக் கதையில் இளவரசனுக்குப் பெயரில்லை. இளவரசிக்கும் பெயரில்லை. பெயருள்ள ஒரே ஆள் வில்லன் ஜஃபர். எங்கள் வாப்பாமாரும் சாச்சாமாரும் வைத்திருக்கும் பெயர் அது. வரலாற்றில் ஜஃபர் அல்பர்மகீ, பக்தாதில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சராக இருந்தவர். கலீஃபாவின் கட்டளையாலேயே 803இல் கொல்லப்பட்டவர். ஆயிரத்தொரு இரவுகளில் அவர் மாறுவேடத்தில் கலீஃபாவோடு நகர் சுற்றும் தோழர். அந்தப் பெயரை 1940இல் வெளிவந்த 'பக்தாத் திருடன்' என்ற ஆங்கிலத் திரைப்படம் கொடிய அமைச்சருக்குச் சூட்டியது. அந்தப் படத்தின் பாதிப்பில் பிறந்ததே இந்த விளையாட்டு. 1992இல் டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்திலும் வில்லனுக்கு அதே பெயர்தான். இப்படியே கேட்டு வளரும் பிற நாட்டுப் பிள்ளைக்கு, ஜஃபர் என்றால் யாரென்று நினைவு வரும்?

இளவரசியின் நிலையும் இப்படித்தான். மணற்கடிகாரத்தின் அருகில் காத்திருப்பதே அவள் வேலை. ஒரேயொரு தடவை அவள் ஓர் எலியை அனுப்புகிறாள். அது பொறியை மிதித்து, அடைபட்ட கதவைத் திறந்து நாயகனைக் காப்பாற்றுகிறது. அவ்வளவு புத்தியுள்ள பெண்ணுக்குக் கதையில் கிடைத்தது அந்தச் சில விநாடிகள் மட்டுமே.

இதற்காக அந்த விளையாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் பிடிக்கும். பிடித்த ஒன்றிடம் கேள்வி கேட்பது அதை வெறுப்பதாகாது. கேட்டால் மாற்றமும் வரலாம். இதே தொடரில் 2024இல் வந்த 'த லொஸ்ட் கிரவுன்' விளையாட்டில் பாத்திரங்கள் பாரசீக மொழியிலேயே பேசக் கேட்கலாம்.

பெற்றோரே, பிள்ளை திரையின் முன்னே இருந்தால் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். அதோடு, அங்கே யார் நல்லவன், யார் கெட்டவன், பெண் என்ன செய்கிறாள் என்றும் கேளுங்கள். தோழிகளே, மெக்னரிடம் இருந்தவை ஒரு சிறிய கணினி, ஒரு தம்பி, ஒரு தந்தை, பல வருடப் பொறுமை. இவற்றில் எம்மிடம் இல்லாதது எது? உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எங்களில் ஒருத்தி, ஜஃபர் என்ற நல்ல மனிதரின் கதையை ஏன் விளையாட்டாக்கக் கூடாது? அதில் இளவரசிக்கு ஒரு பெயரும் இருக்கட்டும்.