கவனக்குறைவு என்று எழுதியவர் யார்?

சேத்தூரில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. மீதி, ராஜபாளையம் பக்கத்தில் ஒரு மில்லில், கார்டிங் மிஷினில் போனது. அன்று அவர் ‘டபுள்’ பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனவர், இரவு பத்துக்குக் கிளம்பும்போது “ஆள் வரல, இருந்துட்டுப் போ” என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். விரல் போனது விடியற்காலை மூன்றரைக்கு. அன்று தண்ணீர் பிடிக்க அவர் எழுந்தது காலை ஐந்து மணி. கூட்டிப் பாருங்கள், இருபத்திரண்டரை மணி நேரம்.

“கண்ணு முழிச்சுத்தான் தம்பி இருந்தேன். கை உள்ள போனதுதான் தெரியல” என்றார். ஆஸ்பத்திரியில் வைத்துக் கையெழுத்து வாங்கிய தாளில் மில் எழுதிய காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997-இல் தூக்கமின்மையையும் போதையையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் 50 மில்லிகிராம் அளவுக்குக் குடித்தவரைப் போல் ஆகிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 100. குடித்தவனை ரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்கிறோம். தூங்க விடாமல் மிஷின் முன்னால் நிறுத்துகிறவனை யார் நிறுத்துவது?

எண்ணத் தெரியாமல் இல்லை. விமானிக்கு வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 ஆக்கி, இரவில் தரையிறங்குவதை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து விதி போட்டார்கள். அதற்குத் தகுந்த ஆள் பலம் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. விமானி கண்ணசந்தால் 180 உயிர், அதனால் எண்ணுகிறார்கள் என்பீர்கள். நியாயம். இரவு ஒன்பதுக்கு எங்கள் காலனி முக்கில் மில் வேன் நிற்கிறது. இருபது பேர் ஏறுகிறார்கள். கேரளா லோடு லாரிகள் வருகிற கொல்லம் ரோட்டில் அந்த வேன் போக வேண்டும். டிரைவர் காலையில் பள்ளிக்கூட டிரிப், பகலில் கல்யாண வாடகை, இரவில் ஷிப்டை இறக்கி ஏற்றி, விடியற்காலை ஐந்துக்கு மறுபடி மில் வாசல். அவர் தூக்கத்தை எண்ணியது யார்?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றுதான் சொன்னது. ஆனால் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். இங்கே ஒரு வேன், ஒரு டிரைவர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த ஐந்தையும் பத்தாக்கிவிட்டது.

ஆலைகளில் வாரம் 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கிய 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தை, வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஏப்ரல் 14-இல் அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு இது ஞாபகம் வருவதில்லை. 2023-இல் மாலை போட்ட ஒரே வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சிறுத்தைகளும் இடதுசாரிகளும் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். நாமும் கொண்டாடினோம். கொண்டாடிய அன்று இரவும் இங்கே டபுள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அவங்களேதான் டபுள் கேக்குறாங்க” என்று மில்காரர்கள் சொல்வது பொய்யில்லை. கேட்கத்தான் செய்கிறார்கள். ஒரு ஷிப்டுக் கூலியில் குடும்பம் நடக்காது. ஆனால் மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அப்படிப் பார்த்தால் இரண்டு ஷிப்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று கூலி வர வேண்டும். வருவது இரண்டுதான். பெயரில் மட்டும் டபுள்.

பெண்கள் ஆலையில் இரவு வேலை பார்க்கத் தடையிருந்த பிரிவை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, பகலிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றினால் இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனை. அந்த 12 மணி நேரத்தை எங்கே போய்த் தூங்குவது? இரண்டு சென்ட் பட்டாவில் தொகுப்பு வீடு, ஒரே அறை. அதில் மாமியார், பிள்ளைகள், டிவி. காலை பத்துக்கே மேல்தளம் கொதிக்கும். தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு நிற்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தலைமுறை தலைமுறையாக நிலம் கிடைக்காதவர்களுக்குப் பகலில் கதவடைத்துப் படுக்க இடமும் கிடைக்காது. நைட்டு பார்த்துவிட்டு ஆண் வந்தால் “அப்பா தூங்குது, சத்தம் போடாத” என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். பெண் வந்தால் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறோம். இதில் என் வீடும் சேர்த்திதான்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். விபத்து அறிக்கையில் அந்த ஆள் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார், முந்தைய ஷிப்டு எப்போது முடிந்தது என்று எழுத வேண்டும். அதை எழுதாமல் கவனக்குறைவு என்ற சொல்லை எழுதக் கூடாது. வேன் டிரைவரின் டிரிப் கணக்கையும் மில்லே வைத்திருக்க வேண்டும். டபுள் பார்த்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், மனுவோடு நகல் சேர்க்கலாம். அந்த அக்கா தன் காலண்டரைக் கொடுத்துவிட்டார். போன மாதத்தில் மட்டும் ஒன்பது வட்டம் போட்டிருக்கிறார்.