நடுக்காலப் புலவர்களுக்கு நாம் பட்ட கடன்

சங்கப் புலவரையும் கம்பரையும் பாரதியையும் வாயாரப் புகழும் நாம், பிற்கால உரையாசிரியர்களையும் தொகுப்பாசிரியர்களையும் தலபுராணக் கவிராயர்களையும் பரீட்சைக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்த அலட்சியத்தால் நேரும் நஷ்டத்தை எனக்கு உணர்த்தியது ஒரு ஜெர்மானியப் பண்டிதரின் நூல்.

பான் நகரச் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த எர்ன்ஸ்ட் ராபர்ட் கூர்ட்டியஸ், தம் தேசத்தில் நாஜிகளின் வெறி தலைவிரித்தாடிய ஆண்டுகளில் மத்தியகால லத்தீன் நூல்களிலே ஆழ்ந்திருந்து, 1948-ல் ‘ஐரோப்பிய இலக்கியமும் லத்தீன் மத்திய காலமும்’ என்ற மகா கிரந்தத்தை வெளியிட்டார். ஹோமர் முதல் கெதே வரை ஐரோப்பிய இலக்கியம் ஒரே பரம்பரை என்பதும், பழமையின் செல்வத்தைக் காத்துக் கைமாற்றிக் கொடுத்தது இகழப்பட்ட அந்த மத்திய காலமே என்பதும் அவர் சித்தாந்தம். குளிர்மிக்க வடபுலத்துக் கவிகள் தம் மண்ணில் விளையாத ஒலிவ மரத்தையும், அங்கே உலவாத சிங்கத்தையும் பாடியிருப்பதை எடுத்துக்காட்டி, அவை கண்ட காட்சிகள் அல்ல, முன்னோரிடம் கற்ற மரபு என்று அவர் விளக்கும் பகுதி மிகவும் சுவையானது.

நம் தலபுராணங்களில், திருநாட்டுப் படலம்தோறும் வாளைமீன் துள்ளிக் கமுகின் பாளையைச் சிதறடிப்பதைப் படித்துவிட்டு, வானம் பார்த்த பூமிக்கு வாளை ஏது என்று ஏளனம் செய்கிறோமே, அந்த வாளை எந்தப் பாட்டில் முதலில் துள்ளிற்று, யார் யார் கைப்பட்டு எங்ஙனம் மாறி வந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தோமா?

பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து இதை எழுதும் எனக்கு அந்த நடுக்காலத்தவரைப் போற்ற இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தருமபுரியே அதியமானின் தகடூர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்ற போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சிய சில செய்யுட்களும் புறத்திரட்டைத் தொகுத்த பிற்காலத்தவராலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களாலும் பிழைத்தவை. அவர்கள் இல்லையேல் எங்கள் ஊர்ப்போரைப் பாடிய அந்நூலில் ஓரடிகூட எங்களுக்கு மிஞ்சியிராது.

லத்தீன் கற்றுத் தேர்ந்த தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க, லத்தீன் கவிதையோடு ஒப்புநோக்கி நமக்கு வழிகாட்டினார். அந்த ஒப்புநோக்கைப் பிற்காலத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும். நம் சர்வகலாசாலைகள் ஒன்றுகூடி, தமிழ்க் கவிதையின் வழக்கமான வருணனைகள் ஒவ்வொன்றையும் அதன் முதல் ஆட்சியிலிருந்து சென்ற நூற்றாண்டுவரை தொடர்ந்து காட்டும் ஒரு பேரகராதியைத் தொடங்குக. அப்பணிக்கு அமரும் இளைஞர்களில் இருவர் மூவருக்கேனும் லத்தீனும் சமஸ்கிருதமும் கற்பிக்கப் பொருளுதவி செய்க.