இரண்டாம் வருமானத்திற்கு ஒரு தனிக் கணக்கு

ஜீவனஹள்ளியின் சந்துகளில் நடந்து சென்றால், எந்த வீட்டிற்கு எது இரண்டாம் வருமானம் என்பதை ஜன்னல் கம்பியில் தொங்கும் அட்டையே சொல்லிவிடும். ரவிக்கை தைத்துத் தரப்படும். ஏழாம் வகுப்பு வரை டியூஷன். பிறந்தநாள் கேக் ஆர்டரின் பேரில். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிய அட்டைகள் அவை. பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திற்கும் காக்ஸ் டவுனுக்கும் அருகில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில், பகலில் ஓரிடத்தில் சம்பளத்திற்கு உழைத்து மாலையில் வேறொன்று செய்து சம்பாதிப்பது புதிய செய்தி அன்று.

இந்தக் கூடுதல் வருமானம் தேவையா என்ற விவாதத்திற்குள் நாம் செல்லவில்லை. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அதற்கு விடை கூறிவிட்டன. அந்தப் பணம் வரும் வழியும் அது தங்கும் இடமும் எத்தனை குடும்பங்களில் தெளிவாக இருக்கின்றன என்பதே நமது கவலை. இரண்டாம் வருமானம் பிறரிடம் வெளிப்படையாகச் சொல்லக்கூடியதாகவும், சம்பளத்துடன் கலவாமல் தனியே எண்ணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், உழைப்பு கூடியும் குடும்பம் உயர்வதில்லை என்று நாம் கருதுகிறோம்.

எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகள் இந்நகரின் வாழ்க்கையை ஷிப்டுகளாக வகுத்திருந்த காலத்திலும் துணைத்தொழில் இருந்தது. கணவர் ஆலைக்குச் செல்வார். மனைவி ஆயுள் காப்பீட்டு முகவராகவோ, அஞ்சலகத் தொடர் வைப்புக்குத் தவணை திரட்டும் முகவராகவோ இருப்பார். பெண்களை மட்டுமே முகவர்களாக ஏற்கும் மகிளா பிரதான் க்ஷேத்ரீய பச்சத் யோஜனா 1972-இல் தொடங்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று சேமிப்பைத் திரட்டிய அப்பெண்களுக்கு அது மதிப்புள்ள வேலையாகவும் அமைந்தது. அந்த வருமானத்தில் ஒளிவு இல்லை. தரகுத் தொகைக்குக் கணக்கு இருந்தது. முகவர் இன்னார் என்பது தெருவிற்கே தெரிந்திருந்தது.

மென்பொருள் காலத்தில் ஒளிவு புகுந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் பெருகியபின், ஒரே மேசையில் இரண்டு மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு இரு நிறுவனங்களுக்கு உழைப்பது இயலக்கூடியதாயிற்று. 2022 ஆகஸ்டில் விப்ரோ நிறுவனத்தின் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, இவ்வாறான 'மூன்லைட்டிங்' அப்பட்டமான ஏமாற்று என்று சமூக வலைத்தளத்தில் எழுதினார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேர் நீக்கப்பட்டதையும் அவர் வெளிப்படுத்தினார். அதே ஆகஸ்டில், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விக்கி, பணிநேரத்திற்கு வெளியே, நிறுவனத்தின் நலனுக்கு முரண்படாத வேலைகளைத் தன் ஊழியர்கள் செய்யலாம் என்று ஒரு கொள்கையை அறிவித்தது. இன்ஃபோசிஸ் செப்டம்பரில் இரட்டை வேலை கூடாது என எச்சரித்தது. அக்டோபரில், மேலாளரின் முன் அனுமதியோடு வெளிப்பணிகளை ஏற்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

ஒரே நகரில் மூன்று நிறுவனங்கள், மூன்று நிலைகள். ஆயினும் மூன்றுக்கும் பொதுவான புள்ளி ஒன்று உண்டு. கேட்டுச் செய்வதும் கேளாமல் செய்வதும் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. சட்டத்தின் போக்கும் பெரும்பாலும் இதுவே. தொழிலாளர் நிலையாணைகளுக்கான 1946-ஆம் ஆண்டு மத்திய விதிகள், நிறுவனத்தின் நலனைப் பாதிக்கக்கூடிய வேறு வேலை ஏற்பதைத் தடுத்தன. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், முன் அனுமதி இல்லாத வணிகத்தைத் தடைசெய்து, அவ்வப்போது மேற்கொள்ளும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு இடமளித்தன. வங்கிப் பணியாளர்களுக்கும் இத்தகைய விதி உண்டு. கேக் செய்து விற்கும் ஆசை எழுந்தால் நம்மவர்களும் கடிதம் எழுதியே ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, பணி நியமன ஆணையை மீண்டும் ஒருமுறை வாசிப்பது. 'முழுநேரப் பணி', 'பிற வேலை', 'நலன் முரண்' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ஐயமிருப்பின் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். மாலை நேர டியூஷனுக்கு அனுமதி மறுக்கும் மேலாளர்கள் அரிது. தயக்கத்தோடு கேட்கும் ஒரு கேள்வியைவிட, பின்னாளில் அளிக்கும் ஒரு விளக்கம் எப்போதும் கடினமானது.

மேலாளரைவிடக் கூர்ந்து நோக்கும் கண் இன்னொன்று உண்டு. அது நமது வங்கிக் கணக்கின் அறிக்கை. 2025 ஜூலையில் இந்நகரின் சிறுகடைக்காரர்கள் பலர் யூ.பி.ஐ. அட்டைகளைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூ.பி.ஐ. வரவுகளின் அடிப்படையில் கர்நாடக வணிக வரித்துறை பல்லாயிரம் வணிகர்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தது. பொருள் விற்போருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை அளிப்போருக்கு 20 லட்சம் என்ற ஜி.எஸ்.டி. பதிவு வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. கடையடைப்பு அறிவிக்கப்பட்டது. முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளுடன் பேசி, பால், காய்கறி போன்ற வரிவிலக்குப் பொருள்களை விற்போரிடம் வரி வசூலிக்கப்படாது என்று உறுதியளித்தபின் அப்போராட்டம் தணிந்தது.

அந்த நாள்களில் வணிகர்கள் கூறிய ஒரு வாதம் நம் கவனத்திற்குரியது. கணக்கில் வந்த தொகை முழுவதும் விற்பனை அன்று. உறவினர் அனுப்பியதும், கைமாற்றாக வாங்கியதும், சீட்டுப் பணமும் அதில் கலந்திருக்கின்றன என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான்காண்டு வரவுகளை முன்வைத்துக்கொண்டு, இது தம்பி கொடுத்த கடன், இது சீட்டு எடுத்த பணம் என்று ஒவ்வொன்றாக மெய்ப்பிப்பது எளிதா? ரொக்கத்திற்குத் திரும்புவது இதற்குத் தீர்வாகாது. சம்பளக் கணக்கு ஒன்று, துணைத்தொழிலுக்கு மற்றொன்று என்று முதல் நாளே பிரித்துவைத்தால், அந்தக் கேள்வி எழும்போது விடை அச்சிட்ட தாளாகவே கையில் இருக்கும். தொழில் தொடர்ந்து நடைபெறுமெனில் நடப்புக் கணக்கைத் தொடங்குவதே முறை.

தனிக் கணக்கினால் வரித்துறைக்கு விடையளிக்க முடிவதைவிடப் பெரிய பயன், நமக்கு நாமே விடையளிக்க முடிவது. மாதம் 32,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர், வார இறுதிகளில் கேக் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 18,000 ரூபாய். கைப்பேசியில் ஒலிக்கும் ஒவ்வொரு வரவும் அவருக்கு வருமானமாகவே தோன்றும். மாவு, வெண்ணெய், முட்டை முதலிய பொருள்களுக்கு 9,500; எரிவாயுவுக்கும் மின்சாரத்திற்கும் 900; பெட்டிகளுக்கு 1,100; கொண்டு சேர்க்கும் செலவு 1,700. மொத்தச் செலவு 13,200. மிஞ்சுவது 4,800 ரூபாய். இதற்கு அவர் மாதம் 60 மணி நேரம் உழைத்திருந்தால், மணிக்கு 80 ரூபாய். மாதம் 208 மணி நேர அலுவலக வேலையிலோ மணிக்கு ஏறக்குறைய 154 ரூபாய் கிடைக்கிறது. களைத்த உடலோடு ஞாயிற்றுக்கிழமையில் செய்யும் வேலை, திங்கட்கிழமை வேலையின் பாதி மதிப்பிற்கே விலைபோகிறது.

இக்கணக்கைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே கேக்கின் விலையை 15 சதவீதம் உயர்த்தி, ஆர்டர்களும் குறையாதிருந்தால், கூடுதலாக வரும் 2,700 ரூபாயும் கையில் நிற்கும். மணிக்கூலி 125 ஆகும். தொலைதூர ஆர்டர்களைக் கைவிட்டு, நடந்து சென்றே கொடுக்கும் தூரத்தில் நிறுத்திக்கொண்டாலும் பலன் தெரியும். வீட்டில் தம் உழைப்பிற்கு விலை வைக்கக் கூசுகிறவர்கள் நம் பெண்கள். 'பக்கத்து வீட்டு அக்கா தானே' என்று குறைத்துக் கொடுத்த தொகையெல்லாம் எங்கே போயிற்று என்பது, தனிக் கணக்கு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். உணவு விற்போர் சிறு உணவுத் தொழில் பதிவையும் பெற வேண்டும். அதன் ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய் அளவிலேயே இருந்துவந்திருக்கிறது.

வருமான வரியைப் பற்றிச் சுருக்கமாக. சம்பளத்துடன் தொழில் வருமானமும் உடையவர், அலுவலகத்தில் எல்லோரும் நிரப்பும் ஐ.டி.ஆர். 1 படிவத்தைப் பயன்படுத்த இயலாது. சம்பளத்தில் பிடித்தம் செய்தது போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி செலுத்த வேண்டியிருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். சிறுதொழில்களுக்கு விற்பனையில் ஒரு விழுக்காட்டை இலாபமாகக் கொள்ளும் எளிய முறையும் சட்டத்தில் உள்ளது. அது தமக்குப் பொருந்துமா என்று வரி ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கடனுக்கு வருவோம். துணைத்தொழில் வருமானத்தை நம்பி மாதத் தவணை ஏற்க வேண்டாம் என்பது நமது உறுதியான கருத்து. கடன் வழங்கும் ஒரு நிறுவனத்தின் இதழில் இதைப் படிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சம்பளம் மாதந்தோறும் வருவது. கேக்கிற்கு ஆடி மாதம் உண்டு, டியூஷனுக்குக் கோடை விடுமுறை உண்டு, தையல்காரருக்கு முதுகுவலி உண்டு. தவணைக்கு இவற்றில் எதுவும் தெரியாது. இரண்டாம் வருமானம் முதலில் அடகு நகையை மீட்கட்டும். பின்னர் ஆறு மாதச் செலவிற்கு ஒரு கையிருப்பைச் சேர்க்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் முறையாக வருமான வரிக் கணக்கில் காட்டப்பட்டபின், வீட்டுக் கடனுக்கான தகுதியை மதிப்பிடும்போது அதுவும் சேர்த்துக்கொள்ளப்படும் வாய்ப்புண்டு. கணக்கில் காட்டாத வருமானத்தைக் கிளை மேலாளர் நம்பினாலும் அவருடைய கோப்பு நம்பாது.

கூடுதல் வருமானம் தேடுவோரின் ஆவலையே இரையாக்கும் கூட்டமும் இன்று பெருகியுள்ளது. காணொளிக்கு விருப்பக் குறியிட்டால் பணம், ஹோட்டலுக்கு நட்சத்திரம் அளித்தால் பணம் என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதலில் 150 ரூபாயோ 200 ரூபாயோ உண்மையாகவே கணக்கில் வந்து சேரும். பிறகு, பெரிய பணிக்கு முன்வைப்புத் தொகை கேட்பார்கள். திரையில் இலாபம் வளரும், எடுக்க முயன்றால் மேலும் கட்டச் சொல்வார்கள். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. தளங்கள் பெயர் மாற்றி மீண்டும் முளைக்கின்றன. வேலை கொடுப்பவர் தொழிலாளியிடம் பணம் கேட்பதில்லை என்ற ஒன்றை நினைவில் வைத்தாலே பெரும்பாலானவற்றிலிருந்து தப்பலாம்.

இதனினும் கொடியது, கணக்கையே வாடகைக்குக் கேட்பது. 'உங்கள் கணக்கில் பணம் வரும். நாங்கள் சொல்லும் இடத்திற்கு அனுப்பிவிட்டுத் தரகை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். கல்லூரி மாணவர்களும், வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதை எளிய பகுதிநேர வேலை என்று நம்பிவிடுகிறார்கள். வருவது யாரோ ஏமாந்த பணம். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்குரியவரையே. கணக்கு முடக்கப்படும்போது அதிலுள்ள சம்பளமும் சேர்ந்தே நின்றுவிடும். இத்தகைய கணக்குகளைக் கண்டறிவதற்கென்றே, பெங்களூருவில் இயங்கும் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. ஏற்கெனவே இதில் சிக்கியவர்கள் வெட்கத்தால் மறைத்து வைக்காமல் கிளைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தகவல் எவ்வளவு விரைவில் சேர்கிறதோ, பணம் அடுத்த கணக்கிற்குத் தாவும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.