உம்மாவின் எலும்பு மருந்தும் கிட்னிக் கணக்கும்



எங்கள் ஊர் உம்மாமாருக்கு, மூத்தம்மாமாருக்கு எலும்பு நலிவு என்று சொல்லி வாரத்துக்கு ஒரு குளிசையோ, வருடத்துக்கு ஒரு தடவை சேலைன் போல ஏற்றும் மருந்தோ கொடுக்கிறார்கள். நல்ல மருந்துகள்தான். வயதான ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அந்த வீட்டின் நிலை என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருந்து தொடங்கமுன் "கிரியேட்டினின் நோர்மல்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

வாரக் குளிசை அலென்ட்ரோனேட், வருட மருந்து சொலெட்ரோனிக் அசிட். இரண்டும் உடம்பை விட்டு வெளியேறுவது கிட்னி வழியாக. கிட்னி வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிலீட்டருக்குக் கீழே என்றால் இவை கொடுப்பதில்லை. ஏற்றும் மருந்துக்குப் பிறகு சிலருக்குக் கிட்னி செயலிழந்து மரணம் வரை போனதால், 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

இப்போது ஒரு கணக்கு (ஆசிரியர் புத்தி போகாது). 140இலிருந்து வயதைக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள், கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி அதால் வகுங்கள். பெண் என்றால் 0.85ஆல் பெருக்குங்கள். கிரியேட்டினின் 1.1 பல ரிப்போர்ட்டுகளில் நோர்மல். 35 வயது, 65 கிலோ பெண்ணுக்கு விடை 73. அதே 1.1, 75 வயது, 45 கிலோ மூத்தம்மாவுக்கு 31! மெலிந்த உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும்.

நம் மாவட்டத்தில் வில்கமுவப் பக்கம் காரணம் பிடிபடாத கிட்னி நோய் இருப்பது தெரிந்ததே. அது ஆரம்பத்தில் சத்தமே போடாது. சுகரும் பிரஷரும் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? போதாததற்கு முதுகு வலிக்கு பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிக் குடிக்கிறோம். அதுவும் கிட்னிக்குப் பாரம்தான். கிளினிக் கொப்பி வீட்டில் இருக்க, செனல் பண்ணிய டொக்டரிடம் வெறுங்கையோடு போகிறோம். அவருக்கு எப்படித் தெரியும்?

நோன்பு காலத்தை விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஏற்றும் மருந்துக்கு முன் உடம்பில் நீர் போதுமானதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அவசரமில்லை என்றால் டொக்டரிடம் கேட்டு பெருநாளுக்குப் பிறகு திகதி எடுங்கள்.

கிட்னி பலவீனமானவர்களுக்கு டெனோசுமாப் என்ற 6 மாத ஊசி இருக்கிறது. அது கிட்னி வழியாக வெளியேறுவதில்லை. ஆனால் டயலிசிஸ் செய்பவர்களுக்குக் கல்சியம் ஆபத்தாக இறங்கலாம் என்று 2024இல் எச்சரிக்கை வந்தது. அதை இடையில் விட்டால் முள்ளந்தண்டு எலும்புகள் உடையலாம்.

ஆகவே யாரும் இதை வாசித்துவிட்டு நாளைக்கே மருந்தை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது கிளினிக் கொப்பி, கடைசி ரிப்போர்ட், உம்மாவின் இப்போதைய எடை, பாமசியில் வாங்கும் குளிசைகளின் மட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். "கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது, டொக்டர்?" என்று கேளுங்கள்.