ஐம்பதைத் தாண்டிய முதல் ஷிஃப்ட்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கேயும் அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் அன்று இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் என்றாலே இளைஞர் கூட்டம் என்று பேசிப் பழகிவிட்ட நமக்கு, குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நரைத்த தலைகள் கண்ணில் படுவதில்லை.

புராஸ்டேட் புற்றுநோயின் அபாயம் கூடத் தொடங்குவது இந்த வயதில்தான். தொடக்கத்தில் அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுவதற்குப் பெரும்பாலும் வயதால் வீங்கும் புராஸ்டேட் சுரப்பியே காரணம். அந்தத் தொல்லை இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் நோய் தெரிந்தபோது அது எலும்புக்குப் பரவியிருந்தது. இந்நோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை அவர் கடைசியாகச் செய்துகொண்டது 2014-இல்.

அந்தப் பரிசோதனைக்கும் குறைகள் உண்டு. தொற்றும் சாதாரண வீக்கமும்கூட பி.எஸ்.ஏ. அளவை உயர்த்தும். ஆயுள் முழுக்கத் தொல்லை தராத கட்டிக்குக் கத்தி வைத்து, சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் 13 சதவீதம் குறைந்ததாக 2025-இல் சொன்னது. அபாயம் குறைந்த கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணித்து வருவதும் இன்று ஏற்கப்பட்ட வழி. எனவே ஊரைக் கூட்டி ஊசி குத்தும் முகாம் நமக்கு வேண்டாம். ஐம்பது வயதில், தந்தைக்கோ சகோதரனுக்கோ நோய் இருந்தால் நாற்பத்தைந்திலேயே, நன்மை தீமைகளை டாக்டர் எடுத்துச் சொல்லி, விரும்புகிறவருக்குச் செய்யும் பரிசோதனைதான் வேண்டும்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு என்கின்றன. அது சர்க்கரை, பிரஷரோடு முடிந்துவிடக் கூடாது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத் தேடிப் போகும் அரசுத் திட்டத்திலும் ஆண்களுக்கே உரிய இந்த நோய் இல்லை. மூன்றையும் தேடுவது மிகச் சரி. நான்காவதைப் பற்றிப் பேசவாவது தொடங்கலாமே.

ஆண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று பழி சொல்வது எளிது. ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்ற கணக்குதான் கூச்சத்தைவிடப் பெரிய தடை. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருப்பவர் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக நிர்வாகங்கள் அறிவிக்க வேண்டும். கேட்டில் நிற்கும் காவலாளி, கேன்டீன் ஊழியர், துப்புரவுப் பணியாளர் ஆகிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பரிசோதனைப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் ஒவ்வோர் ஆய்வின்போதும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்காரர்கள் அவர்களிடையேயும் இருக்கிறார்கள்.