போடிமெட்டு ஏறாத பொட்டி எதுக்குய்யா?

மக்களே, பழைய மாருதி 800, ஜிப்ஸி வச்சிருக்க நம்ம பக்கத்துப் பயலுக கார்புரேட்டரைக் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டக் கிளம்பிட்டானுக. ஆசை நியாயம்தான். ஆனா கண்ட்ரோலர் தேர்ந்தெடுக்குற லட்சணம் இருக்கே! "லாஞ்ச் கண்ட்ரோல் இருக்கா?"ங்கிறான். தேனியில எங்கய்யா லாஞ்ச் பண்ணப்போற, பஸ் ஸ்டாண்டு வாசல்லயா?

கேக்கவேண்டியது ஒண்ணுதான்: காத்தழுத்தம் மாறுனா இந்தப் பொட்டிக்கு எப்படித் தெரியும்?

போடி சுமார் 350 மீட்டர் உயரம். 17 கொண்டை ஊசி ஏறி போடிமெட்டு போனா 1,400 மீட்டரை ஒட்டி வந்துரும். காத்தழுத்தம் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பாத்து பெட்ரோல் அளக்குற ஆல்ஃபா-என் முறைக்கு இது தானாத் தெரியாது. மெகாஸ்க்வர்ட், ஸ்பீடுவினோ மாதிரிப் பொட்டிகள்ல ரெண்டு வழி இருக்கு. சாவி போட்டதும் ஒரு தடவை அழுத்தத்தைப் படிச்சு வச்சுக்கிறது ஒண்ணு. தனி சென்சார் வச்சு விடாம படிக்கிறது இன்னொண்ணு. காசு மிச்சம்னு நம்மாளு முதல் வழியைப் பிடிப்பான்.

இப்ப மெட்டுல வண்டியை நிப்பாட்டி டீ குடிக்கிறான். திரும்ப ஸ்டார்ட் பண்றான். பொட்டி மேல இருந்த மெல்லிசு காத்தையே நெனப்புல வச்சுக்கிட்டு கீழ எறங்குது. போடி தாண்டி தேனி ரோட்டுல மிதிக்கும்போது காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் மட்டும் மலைக்கணக்குல! லீனா ஓடி நாக்கிங் வரும், விட்டா பிஸ்டன் ஓட்டை. பழி மட்டும் பெட்ரோல் பங்க்காரன் தலையில (பாவம் அந்த மனுசன்).

"ஸ்பீடு-டென்சிட்டி வச்சா தானா சரியாயிரும்ல?" பெரும்பாலும் ஆமா. மேனிஃபோல்டுல இருக்க அழுத்தத்தை நேரடியா அளக்குதுல்ல, அதனால. ஒத்தை த்ராட்டில் எஞ்சினுக்கு அதையே எடுங்கப்பா. சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில்னு பந்தா பண்றவன்தான் ஆல்ஃபா-என் பக்கம் போய் மாட்டுறான். அவன் ரெண்டாவது சென்சாருக்கும் காசு எடுத்து வைக்கணும்.

இன்னொரு கூத்து, கார்புரேட்டர் வண்டிக்கு பவர்ட்ரானிக் விசாரிக்கிறது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸோட அந்தப் பொட்டி, கம்பெனி ஈசியு அனுப்புற சிக்னலைத் திருத்துற வகை. ஈசியுவே இல்லாத வண்டியில அது எதைத் திருத்தும்? பொண்ணே பாக்காதவன் மாமியார் வீட்டு சீர் கேட்ட கதை.

லாஞ்ச் கண்ட்ரோல் காசுல வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்குங்க. லேப்டாப்போட ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சு மெட்டுக்கு ஏறி எறங்குங்க. சென்னையில கடல்மட்டத்துல டைனோவில போட்ட மேப்பை அப்படியே நம்பாதீங்க.

அப்புறம், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு: ஆர்சி புக் விவரம் தயாரிப்பாளர் சொன்னதுலேர்ந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. கழட்டுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுருங்க.