'ஓப்பனா' பேசுகிறவர்களே, முதலில் கதவைத் திறங்கள்

"ஓப்பனா கேக்குறேன் தம்பி, தப்பா நினைச்சிக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?"

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. கேட்பதற்கு முன் வாசல் கதவைச் சாத்தினார். சாதியைச் சொன்னேன். "ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரே" என்றார். மறுவாரமும் 'டூ-லெட்' பலகை அங்கேயே தொங்கியது.

துறைமுகமும் ஆலைகளும் எல்லோரையும் கலந்துவிட்டன, வட சென்னையில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கும் தோழர்கள், ஒருமுறை இங்கே வீடு தேடிப் பாருங்கள்.

'ஓப்பன்லி' என்றால் ஆங்கிலத்தில் ஒளிவுமறைவின்றி, பலரறிய என்று பொருள். நம் தெருவில் அது தலைகீழாகிவிட்டது. சாத்திய கதவுக்குள், தாழ்ந்த குரலில், சாட்சி இல்லாமல் கேட்பதற்குப் பெயர்தான் 'ஓப்பனா'. அதில் வெளிப்பட வேண்டியவன் நான் மட்டும்தான். அவர் தன் சாதியையும் சொல்லவில்லை, மறுத்த காரணத்தையும் சொல்லவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சாதியைச் சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமானால், அது 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் நம் லால்குடி வழக்கு ஒன்றையும் அதே காரணத்தால் ரத்து செய்தது. அலுவலக அறைக்குள் திட்டப்பட்டதாகப் புகார் கொடுத்தவர் ஓர் அரசு ஊழியர்.

இந்த நிபந்தனை இல்லாவிட்டால் பொய்ப் புகார் பெருகும் என்பார்கள். குடும்ப வன்முறையும் நான்கு சுவருக்குள்தான் நடக்கிறது. அதைக் குற்றமில்லை என்றா விட்டுவிட்டோம்? நிரூபிப்பது கடினம் என்பது வேறு. நடந்தே இருந்தாலும் குற்றமில்லை என்பது வேறு. அரசியல் சட்டத்தின் 17-ஆம் கூறு தீண்டாமையை எந்த வடிவிலும் தடை செய்கிறது. கதவு சாத்தியிருந்தால் பரவாயில்லை என்று அதில் எழுதியில்லை.

அந்த நிபந்தனையை நீக்கக் கோருவோம். அதுவரை, யாராவது "ஓப்பனா கேக்குறேன்" என்று ஆரம்பித்தால், தோழர்களே, எழுந்து போய்க் கதவைத் திறங்கள். "தெருவுக்கு வந்து கேளுங்க, சத்தமா கேளுங்க" என்று சொல்லுங்கள். என்னிடம் கேட்டவரிடம் நான் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த வீட்டில் சொல்வேன்.